கப்சாய்க்கு ஒரு மூன்று சக்கரத் தம்பி

கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டத் தெரியாத ஆள் தோட்டத்தில் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், லயத்து வாசலில் பழைய உரச் சாக்கை விரித்து, மங்கில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களைப் பார்த்துத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றிருக்கும். ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே "வால்வு தட்டுதுப்பா" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட கைகளுக்காகவே இந்த வாரச் செய்தி.

அந்தக் கப்சாய் எஞ்சினின் உறவுக்கார எஞ்சின் ஒன்றை, பலூன் போல ஊதிய மூன்று டயர்களின் மேல் உட்கார வைத்து, ஜப்பான்காரன் 1970-இல் ஒரு வண்டி செய்தான். சாலைக்கு அல்ல, பனி, மணல், சேறு, கொல்லை மேடு என்று சாலையே இல்லாத இடங்களுக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பண்ணை வீட்டுக் கொட்டகைகளில் அந்த வண்டிகள் இன்னும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அதை இழுத்து வந்து, ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே பழுது பார்த்து ஓட வைப்பது அங்கே பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நம் பக்கத்தில் பழைய செவன்ட்டி கப்சாயைப் புதுசு போலாக்கி மினுக்க விடுகிறார்கள் அல்லவா, அதே பைத்தியம்தான்!

ஆனால் ஒன்று. கப்சாயைப் புதுப்பித்தால் கப்சாய் கிடைக்கும். இந்த மூன்று சக்கர வண்டியைப் புதுப்பித்தால், வண்டியோடு அதன் பழைய குணமும் எழுந்து வந்துவிடும். அது என்ன குணம் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

பனிக்காலத்துப் பிழைப்பு

அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் ஊரே பனியில் மூடிக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் வாங்க எவன் வருவான்? கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1967-இல் ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை ஜப்பானுக்குச் சொல்லி அனுப்பியது: "குளிர்காலத்திலும் விற்கிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள்." அந்த வேலை ஒசாமு தக்கேயுச்சி என்ற பொறியியலாளர் கையில் வந்து விழுந்தது.

மனிதர் லேசில் விடவில்லை. இரண்டு சக்கரம், மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தார். கடைசியில் மூன்றுதான் சரிப்பட்டது. சாதாரண டயர் பனியில் புதைந்தது. அந்த நாளில் அமெரிக்காவில் அம்ஃபிகாட் என்று ஆறு சக்கர வண்டி ஒன்று இருந்தது. தண்ணீரிலும் போகும், தரையிலும் போகும். அதன் கொழுத்த, மென்மையான டயரைப் பார்த்ததும்தான் வழி பிறந்தது. 22 அங்குல உயர டயர்; காற்றோ கொஞ்சம்தான். அதன் மேல் 89 சிசி எஞ்சின், 7 குதிரைச் சக்தி, கிளட்சுப் பிடி இல்லாத கியர். யூஎஸ்90 என்று பெயர் வைத்து 1970-இல் 595 டாலருக்கு விற்றார்கள். பிறகு ஏடிசி90 என்று பெயர் மாறியது. எல்லா நிலத்திலும் ஓடும் சைக்கிள் என்று அர்த்தம். 1971-இல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படமான 'டைமண்ட்ஸ் ஆர் ஃபார்எவர்' படத்திலும் இது ஓடியது.

விளையாட்டாக வாங்கியவர்கள் ஒருபுறம் இருக்க, பண்ணைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் இதை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். வேலி பார்க்க, மாட்டுக்குத் தீவனம் கொண்டு போக லாரி எதற்கு? 1979-இல் 110, 1980-இல் 185 என்று எஞ்சின் பெருத்துக்கொண்டே வந்தது. 1982-இல் சாமான் ஏற்றத் தட்டு வைத்த 'பிக் ரெட்' வந்தது. யமஹா, கவாசாக்கி, சுசுக்கி எல்லாரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"இது நம்ம எஞ்சின் ஆச்சே!"

கொட்டகையில் முப்பது, நாற்பது வருஷம் கிடந்த வண்டி ஒன்றை இழுத்து வந்ததாக வையுங்கள். எலி கூடு கட்டியிருக்கும். சீட்டுப் பஞ்சு போயிருக்கும். கயிற்றை இழுத்தால் அசையாது. (இந்த வண்டிக்கு மிதி கிடையாது, படகு எஞ்சின் மாதிரி கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும்.) ஆனால் எஞ்சினைப் பார்த்தவுடன் நம்மாள் கத்திவிடுவார், "என்னண்ணே, இது நம்ம செவன்ட்டி மாதிரியே படுத்துக்கிட்டு இருக்கே!"

உண்மைதான். சிலிண்டர் முன்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். ஒரே பிஸ்டன். மேலே கேம், அதை ஓட்ட உள்ளே ஒரு சின்னச் சங்கிலி. இடப்பக்கம் காந்தச் சக்கரம். வேகம் கூடினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச். சிலிண்டரின் உள் விட்டம் 50 மில்லிமீட்டர், செவன்ட்டிக்கு 47. அண்ணன் தம்பிக்குள் அவ்வளவுதான் வித்தியாசம். காந்தச் சக்கரத்தில் 'டி' என்ற கோட்டைக் குறிக்கு நேராக வைத்து வால்வு சரி பண்ணுவோமே, 'எஃப்' கோட்டில் பாயிண்ட் திறக்க வேண்டுமே, இங்கேயும் அதே கதை. வால்வுக்கு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், எஞ்சின் ஆறியிருக்கும்போது. பாயிண்டுக்கு 0.3 முதல் 0.4. பிளக்குக்கு 0.6 முதல் 0.7. கப்சாய்க்கு வைத்திருக்கும் தகட்டு அளவியே போதும்.

இறுகிப்போன பிஸ்டனை என்ன செய்வது? அவசரக்காரன் சுத்தியலைத் தூக்குவான். பிஸ்டன் உடையும், ராடு வளையும், வேலை இரட்டிப்பாகும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய், அது கிடைக்காவிட்டால் டீசல், ஊற்றி ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். தினம் ஒருமுறை காந்தச் சக்கரத்து நட்டில் ஸ்பானரைப் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிப் பார்க்க வேண்டும். மயிரிழை அசைந்தால் போதும், ஜெயித்தாயிற்று. அப்படியும் வரவில்லையென்றால் தலையைக் கழற்றி, பிஸ்டன் மேல் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டலாம். கட்டை மரமாக இருக்க வேண்டும், இரும்பாக இருக்கக் கூடாது. உள்ளே கீறல் விழுந்திருந்தால் பட்டறையில் கொடுத்துக் கடைய வேண்டியதுதான். பெரிய பிஸ்டன் 0.25 மில்லிமீட்டர் கணக்கில் படிப்படியாகக் கிடைக்கும்.

இன்னொரு சங்கதி, இது கப்சாய்க்காரர்களுக்கும் உதவும். எஞ்சின் மூடியில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூ ஜப்பான் அளவு. கடையில் வாங்கும் சாதாரணத் திருப்புளியின் முனை அதற்குச் சரியாக உட்காராது. பலம் கொடுத்தால் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். பிறகு உளிதான் கதி. ஜப்பான் அளவுத் திருப்புளி தனியாகக் கிடைக்கிறது. சுத்தியலால் அடித்தால் தானே கொஞ்சம் திரும்பும் திருப்புளி இருந்தால் இன்னும் விசேஷம். காந்தச் சக்கரத்தைக் கழற்றவும் அதற்கென்று உள்ள இழுப்பானையே போடுங்கள். கம்பியை நுழைத்து நெம்பினால் சக்கரம் வெடித்துவிடும்.

பெட்ரோல் டாங்கியில் துரு இருந்தால் காடி ஊற்றி, ஒரு கை நட்டுகளையோ துண்டுச் சங்கிலியையோ போட்டுக் குலுக்கி, ஒரு நாள் இரண்டு நாள் ஊற வைக்கிறார்கள். பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காய வைத்து, எண்ணெய் பூச வேண்டும். நின்று வேடிக்கை பார்த்தால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும். டாங்கியில் ஓட்டை இருந்தால் "சும்மா காலி டாங்கிதானே, ஒரு பொட்டு வெல்டிங் போடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் எமன். உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்திருக்கும். பொறி பட்டால் வெடிகுண்டு.

டயரும் அச்சும்

எஞ்சினுக்கு ஆகும் செலவைவிட டயருக்கு ஆகும் செலவு சில நேரம் அதிகமாகிவிடும். ஆரம்ப காலத்து டயர் மகா மென்மை. அறுவடை முடிந்த சோளக் கொல்லையில் ஓட்டினால் நிற்கும் தாள் குத்தியே ஓட்டையாகும். ஹோண்டாவே வண்டியோடு ஒட்டுப்போடும் சாமானையும் சேர்த்துக் கொடுத்தது. 1975-இல்தான் உள்ளே துணி வைத்து டயரைப் பலப்படுத்தி, சக்கரக் குடத்தையும் இரும்பில் மாற்றினார்கள். ஆகவே வண்டி எந்த வருஷத்தது என்று பார்த்த பிறகே டயர் தேட வேண்டும்.

முதல் வண்டிகளில் ஸ்பிரிங் என்பதே இல்லை. டயர்தான் ஸ்பிரிங். கார் டயருக்கு 30 ராத்தல் காற்று அடிக்கிறோம். இதற்கு வெறும் 2 ராத்தல் சொச்சம்! பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயை வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் பத்துக்கு மேல் ஏறிவிடும். டயர் விளிம்பை விட்டுத் தெறித்து ஆளை அடிக்கலாம். சைக்கிள் பம்பும், குறைந்த அழுத்தம் காட்டும் அளவியும் வேண்டும். பின் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று நூல் சுற்றி அளப்பவர்களும் உண்டு. ஒன்று பெருத்து ஒன்று சிறுத்திருந்தால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

பின் அச்சு பெரும்பாலும் சக்கரக் குடத்தோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு காட்டி, எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் பொறுமையாகத்தான் பிரிக்க வேண்டும். பேரிங்கைச் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் மாற்றுங்கள். சட்டத்தில் வெல்டிங் போட்ட இடங்களை மண்ணெண்ணெயில் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிர் போல விரிசல் ஓடியிருந்தால் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள், பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பிரேக் கட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உள்ளே நிற்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதுவது நம்மவர்களின் பழக்கம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால், 20, 30 வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாகத் திரும்பி வரலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பழைய கப்சாய்க்கும், தாத்தா காலத்து லாரிக்கும் இதேதான் விதி.

முக்காலியின் குணம்

இப்போது முன்னால் சொல்லி வைத்த குணத்துக்கு வருகிறேன்.

வீட்டில் முக்காலி இருக்கிறதல்லவா? மேடு பள்ளத் தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று கால் எப்போதும் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே முக்காலியில் இரண்டு காலுக்கு நடுவே ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தொபுக்கடீர்! இந்த வண்டியும் அப்படித்தான். நேரே போகும்போது, "ஆகா, சைக்கிள் போல விழாது, பிள்ளை கூட ஓட்டலாம்" என்று தோன்றும். வேகமாக வளைக்கும்போது ஆளின் பாரம் வெளிப்பக்கமும் முன்பக்கமுமாகத் தள்ளும். அந்த மூலையில் தாங்குவதற்குச் சக்கரம் இல்லை. சரிவில் இறங்கிக்கொண்டே வளைத்துப் பிரேக் பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

அதோடு, பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கின்றன. கார் வளையும்போது வெளிச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், உள் சக்கரம் குறைவாகச் சுற்றும். இதில் அந்த வசதி கிடையாது. இரண்டும் ஒரே சுற்று. அதனால் வண்டி வளைய மறுத்து நேரே போகப் பார்க்கும். ஓட்டுகிறவன் உடம்பை உள்பக்கம் சாய்த்து, பாரத்தை வெளிக்கால் மிதியில் போட்டு, உள் சக்கரத்தைக் கொஞ்சம் வழுக்க விட வேண்டும். சொல்வதற்கு எளிது, பழகுவதற்கு நாளாகும். மோட்டார் சைக்கிள் ஓட்டித் தேர்ந்தவனும் இதில் ஏறினால் புது ஆள்தான். கப்சாய்க்காரன் பழக்க தோஷத்தில் வளைவில் காலைத் தரையில் ஊன்றுவான். பின் டயர் அந்தக் காலின் மேலேயே ஏறும். கால் எப்போதும் மிதி மேல்தான் இருக்க வேண்டும்.

இது தெரியாமல் அமெரிக்காவில் பிள்ளைகள் மாண்டார்கள். பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தார்கள், கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று சக்கரம், நான்கு சக்கரம் இரண்டு வகை வண்டிகளிலுமாக 1980களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 16 வயது நிரம்பாதவர்கள். அரசாங்கத்தின் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. ஹோண்டா, யமஹா, சுசுக்கி, கவாசாக்கி, பொலாரிஸ் ஆகிய ஐந்து கம்பெனிகளும் 1987 டிசம்பரில் உடன்பாட்டுக்கு வந்தன. 1988 ஏப்ரலில் கோர்ட் அதை உறுதி செய்தது. புது மூன்று சக்கர வண்டி விற்பனை அதோடு நின்றது. நான்கு சக்கர வண்டிக்குப் பயிற்சியும் வயது எச்சரிக்கையும் கட்டாயமாகின. 2008-இல் வந்த சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளை அந்த நாட்டில் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுத்துவிட்டது.

சரியாக ஓட்டினால் ஆபத்து இல்லை என்று கம்பெனிகள் வாதாடின. அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை 'சரியாக' ஓட்டும் என்று எதிர்பார்த்து வண்டி விற்றால், அது யார் குற்றம்? என்னைக் கேட்டால், நிறுத்தியது சரிதான். அதைவிடக் கொஞ்சம் முந்தி நிறுத்தியிருக்கலாம்.

ஏற்கெனவே விற்ற வண்டிகளை யாரும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் கொட்டகைகளில் இன்னும் கிடக்கின்றன. அதனால்தான் புதுப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதில் கெட்டிக்காரர்கள், வண்டிக்குச் சிவப்புப் பெயிண்டும் பக்கவாட்டு எழுத்தும் புதுசாக ஒட்டும்போது, மட்கார்டில் இருந்த எச்சரிக்கை ஒட்டியையும் விடாமல் புதுசாக ஒட்டுகிறார்கள். அழகு கெடும் என்று பார்ப்பதில்லை.

பெற்றோர் பார்வைக்கு

இந்த வண்டி நம் தோட்டத்துக்கு வருமா வராதா என்பது வேறு பேச்சு. சிறுவர்கள் கப்சாயைத் தோட்டத்து ரோட்டில் முறுக்குவதும், செம்பனை ஓரத்தில் மூன்று பேரை ஏற்றிப் பறப்பதும் நமக்குப் புதிதா? "தோட்டத்துக்குள்ளேதானே ஓட்டுறான், போலீசா பிடிக்கப் போறான்" என்கிறோம். போலீஸ் பிடிக்காது. வடிகாலும் மரமும் பிடிக்கும்.

1988 உடன்பாட்டுக்குப் பிறகு அங்கே வைத்த வயதுக் கணக்கு இது: 12 வயதுக்குக் கீழே 70 சிசிக்கு மேல் கூடாது, 16 வயதுக்குக் கீழே 90 சிசிக்கு மேல் கூடாது. வேலைக்கான நான்கு சக்கர வண்டியைச் சின்னவர்கள் கையில் கொடுக்கும் இடங்களிலும் இதை நினைவில் வைக்கலாம். ஒருவருக்கான வண்டியில் இரண்டாவது ஆள் ஏறக் கூடாது. சீட்டு நீளமாக இருப்பது ஓட்டுகிறவன் முன்னும் பின்னும் நகர்ந்து பாரத்தை மாற்றத்தான், தம்பியை ஏற்ற அல்ல. தலைக்கவசம், கணுக்காலை மூடும் சப்பாத்து, நீளக் கால்சட்டை. சிலிப்பர் போட்டுக்கொண்டு கயிற்றை இழுக்கவே கூடாது.

பழுது பார்த்து முடித்த வண்டியை முதலில் சமதரையில், முதல் கியரில், நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். வளைவு, பிரேக், மறுபடி வளைவு. பிறகு நிறுத்தி எண்ணெய் கசிகிறதா, அச்சு நட்டு தளர்ந்ததா என்று பார்க்கிறார்கள். இந்த வண்டியைக் கிளப்பப் பேட்டரி தேவையில்லை. கயிற்றை இழுக்கும் பலமுள்ள பொடியன் எவனும் கிளப்பிவிடுவான். ஆகவே வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை அடைத்து, பிளக் மூடியைக் கழற்றி அப்பாவின் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின் சக்கரத்துக்கும் தூணுக்குமாகச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கை கழுவப் போக வேண்டும்.